துண்டு போட்ட நாற்காலி யாருக்கு?

தாமிரபரணிக் கரையோர ஊர் ஒன்றிலிருந்து 64 வயது வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகன் சிங்கப்பூரில் இருக்கிறார். பெற்றோரையும் மாமனார் மாமியாரையும் வரவழைத்து, மனைவி, இரண்டு பிள்ளைகளோடு எட்டுப் பேராக, சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் நான்கு இரவுக் கப்பல் சுற்றுலாவுக்குக் கூட்டிப் போயிருக்கிறார். செலவு முழுவதும் மகனுடையது.

கப்பல் எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் நடுக்கடலில் போகிற நாள். வாசகருக்கு விடியற்காலை ஐந்து மணிக்கே விழித்துப் பழக்கம். ஆறு மணிக்கு மேல்தளத்து நீச்சல் குளத்துக்குப் போனவர், நிழலாக இருந்த இடத்தில் எட்டு சாய்வு நாற்காலிகளைப் பார்த்திருக்கிறார். கப்பலில் கொடுத்த டவல்களை அவற்றின் மேல் விரித்து, ஒன்றில் தன் துணிப்பையையும் வைத்துவிட்டு இறங்கிவிட்டார். பையில் ரத்த அழுத்த மாத்திரையும் மூக்குக் கண்ணாடியும் இருந்தன. குளித்து, சாப்பிட்டு, எல்லோரையும் கிளப்பிக்கொண்டு மேலே வரும்போது மணி 9.20. டவல்கள் இல்லை, பை இல்லை. நாற்காலிகளில் வேறு ஆட்கள். நிழலுக்கு வாகான இரண்டில் மலேசியத் தமிழ்த் தம்பதி உட்கார்ந்திருந்தார்கள்.

"எந்திரிங்க, இது எங்க இடம்" என்றிருக்கிறார் இவர். "காலையிலேர்ந்து யாரும் வரலியே ஐயா, ஊழியர்தான் துண்டை எடுத்தாரு" என்றிருக்கிறார் அவர். பேச்சு தடித்தது. இவர் சொன்ன ஒரு வார்த்தையைக் கடிதத்தில் எழுதிவிட்டு அடித்திருக்கிறார், நானும் அதை விட்டுவிடுகிறேன். மகன் இடையில் வந்து தம்பதியிடம் மன்னிப்புக் கேட்டு, அப்பாவைக் கைப்பிடித்துக் கூட்டிப் போய்விட்டார். பை டவல் கொடுக்கும் மேசையில் பத்திரமாக இருந்தது, மாலையில் கிடைத்தது. ஊருக்குத் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. மகன் கூப்பிட்டால் இவர் எடுப்பதில்லை.

அவர் கேட்பது இவ்வளவு. முதலில் துண்டு போட்டவருக்குத்தானே இடம்? கேட்காமல் எடுத்தது திருட்டு ஆகாதா? மன உளைச்சலுக்கு 5 லட்சம் கேட்டுக் கப்பல் நிறுவனத்துக்கு நோட்டீஸ் விடலாமா? சம்பந்தி கைப்பேசியில் எடுத்த சண்டைக் காணொளியை முகநூலில் போட்டு நியாயம் கேட்கலாமா? கேள்வியாக இல்லாமல் கடைசியில் ஒரு வரி: "என் மகன் என்னைப் பெரிய சபையில் தலைகுனிய வைத்துவிட்டான்."

அண்ணாச்சி, வணக்கம். உங்கள் கடிதத்தை வழக்கு இருக்கிறதா என்று பார்க்க ஒரு தடவை படித்தேன். மதினியின் முழங்காலைப் பற்றி நீங்கள் எழுதிய பகுதிக்காக இன்னொரு தடவை படித்தேன். அதற்குப் பின்னால் வருகிறேன், ஏனென்றால் எனக்கு அதுதான் இந்தக் கடிதத்தில் முக்கியம்.

வழக்கைப் பற்றிய பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வழக்கு இல்லை. நோட்டீஸ் வேண்டாம். உங்கள் கோபத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அதிகாலையில் எழுந்து, எட்டுப் பேருக்கும் இடம் பார்த்து வைத்தது உங்கள் குடும்பத்தின் மேல் உங்களுக்குள்ள அக்கறை. அந்த அக்கறை எந்த இடத்தில் அடுத்தவர் மேல் போய் இடித்தது என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

நம் ஊர்த் துண்டு

"வேய்ந்தான்குளம் பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டால் அந்த சீட் அவனுக்குத்தான், யாரும் கேள்வி கேட்க மாட்டான்" என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான். பாபநாசம் பஸ்ஸிலும் திருச்செந்தூர் பஸ்ஸிலும் எத்தனை தடவை பார்த்திருப்போம். அந்த வழக்கத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். கூட்டத்தில் சண்டை வராமல் இருக்க ஊர் தானாகக் கண்டுபிடித்த ஏற்பாடு அது.

ஆனால் அந்தத் துண்டு எவ்வளவு நேரம் தாங்கும்? போட்டவர் அந்நேரம் படிக்கட்டில் நிற்கிறார். முன்னால் நாலு பேர் ஏறிக்கொண்டிருக்கிறார்கள், அவர் ஏறி வர இரண்டு நிமிடமோ மூன்று நிமிடமோ ஆகும். அந்த மூன்று நிமிடத்துக்குத்தான் துண்டுக்கு மதிப்பு. துண்டைப் போட்டுவிட்டு ஒருவர் வீட்டுக்குப் போய், குளித்து, இட்லி சாப்பிட்டுவிட்டு வந்து "என் சீட்டு" என்று சொன்னால் நெல்லை பஸ் ஸ்டாண்டில் அவருக்கு என்ன மரியாதை கிடைக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நீங்களே அந்தத் துண்டை எடுத்து மேலே கம்பியில் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பீர்கள். கண்டக்டரும் உங்கள் பக்கம்தான் பேசியிருப்பார்.

கல்யாணப் பந்தியிலும் இதேதான். கைகழுவப் போகிறவர் நாற்காலியில் கைக்குட்டையைப் போட்டுவிட்டுப் போனால் பக்கத்து இலைக்காரர் பார்த்துக்கொள்வார். சாம்பார் ஊற்றி ரசம் வந்த பிறகும் ஆள் வரவில்லை என்றால் பின்னால் காத்திருக்கிறவர் உட்கார்ந்துவிடுவார். ஆற்றுப் படித்துறையில் துவைக்கிற கல்லில் சோப்பை வைத்துவிட்டு இடுப்பளவுத் தண்ணீரில் முங்கிக்கொண்டிருக்கும் பெண்ணின் கல்லை யாரும் தொட மாட்டார்கள், அவள் அங்கேயே கண்ணில் படுகிறாள். குற்றாலத்தில் சாரல் காலத்துக் கூட்டம் உங்களுக்குத் தெரியாததல்ல. ஐந்தருவியில் தண்ணீருக்கு அடியில் துண்டு போட்டு வைக்க முடியுமா? போய் நின்று நனைகிறோம், நகர்கிறோம், அடுத்தவர் வருகிறார்.

இத்தனையிலும் இடத்தைப் பிடித்து வைப்பது ஆள்தான். ஆள் ஓர் எட்டுத் தூரத்தில் இருக்கிறார் என்று மற்றவருக்குச் சொல்வதற்குத்தான் துணி. நீங்கள் நம் ஊர் வழக்கத்தைக் கப்பலுக்குக் கொண்டுபோனதாக நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. துண்டை மட்டும் கொண்டுபோய்விட்டு, அதோடு சேர்ந்த மூன்று நிமிடத்தை இங்கேயே விட்டுவிட்டீர்கள்.

என் அப்பா நினைவுக்கு வருகிறார். அம்பாசமுத்திரத்திலிருந்து நெல்லைக்கு வரும்போதெல்லாம் துண்டு போட்டுத்தான் எங்களுக்கு இடம் பிடிப்பார், அதில் அவருக்கு ஒரு பெருமையும் உண்டு. ஆனால் நாங்கள் ஏறுவதற்குள் யாராவது வயதான அம்மா அந்த சீட்டுப் பக்கம் நின்றுவிட்டால், துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "உக்காருங்கம்மா, துண்டுக்கு முழங்கால் வலிக்காது" என்பார். சிறுமியாக எனக்கு அப்போது கோபம்தான் வரும். அந்த சீட்டு எனக்காகப் பிடித்து வைத்தது அல்லவா!

கப்பலில் அந்த நாற்காலி யாருடையது?

"ஆளுக்கு இவ்வளவு என்று பணம் கட்டியிருக்கிறோம், ஆளுக்கொரு நாற்காலி உண்டுதானே" என்பது உங்கள் இரண்டாவது வாதம். இங்கேதான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்.

பயணச்சீட்டு வாங்கும்போது உங்களுக்கென்று ஒதுக்கப்படுவது அறை. அதன் கதவைப் பூட்டிக்கொள்ளலாம். நீச்சல் குளம், சாப்பாட்டுக் கூடம், மேல்தளம், நாற்காலி எல்லாம் பொதுப் பயன்பாடு. பெரிய சுற்றுலாக் கப்பல்களில் இரண்டாயிரம், மூன்றாயிரம் பேர் போகிறார்கள், சிலவற்றில் ஐயாயிரத்துக்கும் மேல். குளத்தைச் சுற்றி அத்தனை பேருக்கும் நாற்காலி போட இடம் கிடையாது. ஒருவர் எழுந்து போனால் இன்னொருவர் உட்காருவார் என்ற கணக்கில்தான் அந்தத் தளமே ஓடுகிறது. துறைமுகத்தில் நிற்கும் நாளில் பாதிப் பேர் இறங்கி ஊர் பார்க்கப் போய்விடுவதால் நாற்காலிகள் சும்மா கிடக்கும். நடுக்கடல் நாளில் எல்லோரும் கப்பலிலேயே இருப்பார்கள். உங்கள் சண்டை நடுக்கடல் நாளில் வந்தது தற்செயல் இல்லை.

இந்தச் சச்சரவு உலகம் முழுக்க இருப்பதால் கப்பல் நிறுவனங்கள் விதியே போட்டுவிட்டன. கார்னிவல் கப்பல்களில் ஆளில்லாத நாற்காலியில் ஊழியர் நேரம் குறித்த ஒட்டுச்சீட்டை ஒட்டுவார், 40 நிமிடத்துக்குள் யாரும் வராவிட்டால் பொருட்களை எடுத்துப் பத்திரப்படுத்துவார். ராயல் கரீபியனில் 30 நிமிடம். நீங்கள் போன கப்பலிலும் குளத்துப் பக்கம் 30 நிமிடம் என்று பலகை இருந்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். "இந்த மாதிரிப் பலகை நம்ம ஊரிலும் ஆயிரம் இருக்கு, யார் மதிக்கிறா" என்றும் சேர்த்திருக்கிறீர்கள். அண்ணாச்சி, மின்வாரியத்தில் அபாயப் பலகை மாட்டி வேலை பார்த்தவர் நீங்கள். பலகை எதற்கு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆறு மணிக்கு விரித்தது, 9.20 வரை ஆள் இல்லை. மூன்று மணி இருபது நிமிடம். 30 நிமிட விதியை வைத்துப் பார்த்தால் ஆறரைக்கே எடுத்திருக்கலாம். ஊழியர் உங்களுக்கு அதிக நேரம் கொடுத்துவிட்டுத்தான் எடுத்திருக்கிறார்.

ஒரு வெளிநாட்டுத் தீர்ப்பையும் சொல்கிறேன். ஜெர்மனியில் ஹனோவர் நகரத்து நீதிமன்றத்தில் ஒருவர் சுற்றுலா நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார். குடும்பத்தோடு கிரீஸின் ரோட்ஸ் தீவு விடுதிக்குப் போனபோது, மற்ற விருந்தினர்கள் காலையிலேயே டவல் போட்டுவிட்டதால் குளத்தோரம் தங்களுக்கு நாற்காலியே கிடைக்கவில்லை என்பது வழக்கு. டவல் போட்டு வைக்கக் கூடாது என்று விடுதியில் விதி இருந்தும் நிர்வாகம் அதைக் கண்டுகொள்ளவில்லை. 2023 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. நிறுவனம் சுமார் 320 யூரோ திருப்பித் தர வேண்டும் என்றது நீதிமன்றம். அது கப்பல் இல்லை, விடுதி. நம் நீதிமன்றங்களை அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது. ஆனால் பணம் யாருக்குக் கிடைத்தது என்று பாருங்கள். டவலை விதிப்படி எடுக்காமல் விட்டதுதான் அங்கே சேவைக் குறைபாடு. உங்கள் கப்பலில் எடுத்திருக்கிறார்கள்.

இன்னும் பக்கத்தில் ஓர் உதாரணம் வேண்டுமென்றால் நம் ரயில். முன்பதிவில்லாப் பெட்டியில் துண்டு விரித்துப் படுத்துக்கொண்டு "இடமில்லை, வேற பெட்டிக்குப் போ" என்று கதவை அடைக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். ரயில்வே சட்டம் 1989, 155-ஆம் பிரிவு, தனக்கென ஒதுக்கப்படாத பெட்டியில் இன்னொரு பயணி முறையாக ஏறுவதைத் தடுப்பவருக்கு 200 ரூபாய் வரை அபராதம் என்கிறது. தொகை சின்னதுதான். பொது இடத்தில் முதலில் வந்தவருக்குத் தன் இருக்கையைத் தாண்டி அதிகாரம் இல்லை என்பதை நம் சட்டமும் இப்படித்தான் பார்க்கிறது.

திருட்டு என்று சொல்லலாமா?

சொல்ல முடியாது. திருட்டுக்கு, நேர்மையற்ற எண்ணத்தோடு அடுத்தவர் பொருளை எடுத்திருக்க வேண்டும். இப்போதுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆம் பிரிவிலும் அதுதான், பழைய இந்திய தண்டனைச் சட்டத்திலும் அதுதான். டவல்கள் கப்பலுக்குச் சொந்தம். பை உங்களுடையது, ஆனால் அதை ஊழியர் மறைக்கவில்லை, மேசையில் பத்திரமாக வைத்து உங்களிடமே கொடுத்தார். கண்டெடுத்த பொருளைப் பொறுப்பாகப் பாதுகாத்துத் தர வேண்டும் என்று 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தில் 71-ஆம் பிரிவு இருக்கிறது. அவர் செய்தது கிட்டத்தட்ட அதுவே. அந்தத் தம்பதி உங்கள் பொருள் எதையும் தொடவே இல்லை. காலியாகக் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் உங்கள் நன்மைக்காகச் சொல்கிறேன். ரத்த அழுத்த மாத்திரையையும் கண்ணாடியையும் அடையாளத்துக்காக எங்கேயும் வைத்துவிட்டு வராதீர்கள். மாலை வரை மாத்திரை இல்லாமல் இருந்திருக்கிறீர்கள், அன்றைக்கு அவ்வளவு கோபமும் பட்டிருக்கிறீர்கள். படிக்கும்போதே எனக்குப் பயமாக இருந்தது.

நோட்டீஸும் காணொளியும்

நோட்டீஸ் வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம், உங்களுக்கு அந்த உரிமை இல்லை என்பதல்ல. மகன் பணம் கட்டியிருந்தாலும், அவர் சம்மதத்தோடு சேவையைப் பயன்படுத்திய நீங்களும் நுகர்வோர்தான். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், சிங்கப்பூருக்குப் போக வேண்டியதில்லை. இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது. பயணச்சீட்டு நிபந்தனைகளில் "வழக்கு எங்கள் நாட்டில்தான்" என்று எழுதியிருப்பார்கள், அதைக் காட்டி நிறுவனம் ஆட்சேபிக்கும், இழுக்கும். அதற்காக நான் பின்வாங்கச் சொல்லவில்லை. அறையில் ஏசி ஓடவில்லை, கெட்டுப்போன சாப்பாடு போட்டார்கள், மருத்துவ உதவி மறுத்தார்கள் என்று நீங்கள் எழுதியிருந்தால் இந்நேரம் நானே மனு தயாரித்துக்கொண்டிருப்பேன்.

இங்கே குறைபாடு எது என்று நுகர்வோர் ஆணையம் கேட்டால் உங்களிடம் பதில் இல்லை. பலகை இருந்தது, நேரம் கடந்தது, பொருள் திரும்பி வந்தது. நீங்கள் சொன்ன அந்த அடித்த வார்த்தை மட்டும் எதிர்த்தரப்புப் பதில் மனுவில் தெளிவாக வந்து நிற்கும். கப்பலில் பாதுகாப்பு அதிகாரிகள் உண்டு, பிற பயணிகளிடம் தகராறு செய்பவரை அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடும் அதிகாரம் கேப்டனுக்கு உண்டு. பினாங்கிலோ புக்கெட்டிலோ எட்டுப் பேரும் பெட்டியோடு இறங்கி நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மகன் கையைப் பிடித்துக் கூட்டிப் போனதில் இந்தக் கவலையும் இருந்திருக்கலாம்.

காணொளி விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டும். போடாதீர்கள், சம்பந்தியையும் போட விடாதீர்கள். நீச்சல் குளத்தோரம் எடுத்த படம் அது. பின்னால் குளிக்கும் உடையில் பெண்களும் குழந்தைகளும் தெரிவார்கள். அவர்கள் யாரும் உங்கள் சண்டைக்கு வந்தவர்கள் இல்லை, படம் எடுக்கச் சம்மதித்தவர்களும் இல்லை. அந்தத் தம்பதியைக் கேவலமாக எழுதிப் பரப்பினால் அவதூறு, பாரதிய நியாய சன்ஹிதா 356-ஆம் பிரிவு. நியாயம் கேட்கப் போனவர் குற்றம் சாட்டப்பட்டவராக நிற்பதை நான் பாளையங்கோட்டை நீதிமன்றத்தில் பல தடவை பார்த்துவிட்டேன், எல்லாம் கைப்பேசியில் எடுத்த படத்தால் வந்தது. உறவுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஏற்கெனவே போயிருந்தால் இன்றைக்கே அழிக்கச் சொல்லுங்கள்.

மதினியின் முழங்கால்

கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். "எனக்கு நாற்காலி வேண்டாம், நான் கைப்பிடிக் கம்பியில் சாய்ந்துகூட நிற்பேன். அவளுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது, வெயிலில் நிற்க முடியாது, தாழ்வான நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது." உங்கள் கோபத்துக்கு அடியில் இருப்பது இதுதான் என்று நினைக்கிறேன். எட்டு நாற்காலியும் உங்களுக்குத் தேவைப்படவில்லை. ஒன்று வேண்டியிருந்தது, அது நிழலில் வேண்டியிருந்தது.

அந்த ஒன்றைக் கேட்டு வாங்கியிருக்கலாம், அண்ணாச்சி. நடக்க முடியாதவர்களுக்கென்று கப்பலில் தனியாகவே ஆட்கள் இருப்பார்கள். டிக்கெட் போடும்போதே மகன் சொல்லியிருக்கலாம், சக்கர நாற்காலி முதல் ஏறி இறங்கும் வரிசை வரை உதவி கிடைக்கும். ஏறிய பிறகும் வரவேற்பு மேசையில் போய், "மனைவிக்கு மூட்டுவலி, நிழலில் நிமிர்ந்த நாற்காலி ஒன்று வேண்டும்" என்று தமிழும் இங்கிலீஷும் கலந்து சொன்னாலே போதும். குளத்தோரம் போடும் சாய்வு நாற்காலி பெரும்பாலும் தாழ்வானது, படுத்து வெயில் காய்வதற்கென்று செய்தது. மூட்டுத் தேய்ந்தவருக்கு அது சரிப்பட்டு வராது. எழுந்திருக்க இரண்டு பேர் தூக்க வேண்டும். சாப்பாட்டுக் கூடத்தை ஒட்டி, கடலைப் பார்த்தபடி, கைவைத்த சாதாரண நாற்காலிகள் போட்டிருப்பார்கள், கூரையும் இருக்கும், காற்றும் வரும். அந்த இடங்களில் காலையில் கூட்டமே இருக்காது.

அடுத்த தடவை போவதாக இருந்தால் (போக வேண்டும் என்றுதான் சொல்வேன்) இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஐந்து மணிக்கே எழுகிறீர்கள், நல்லது. மேலே போய் நீங்களே உட்காருங்கள். மதினியையும் கையோடு கூட்டிப் போங்கள், அந்நேரத்துக் கடலை அவர்களும் பார்க்கட்டும். எட்டு மணிக்குப் பசித்தால் ஒருவர் இருக்க, ஒருவர் போய் வரலாம். கழிப்பறைக்கோ காப்பி எடுக்கவோ போகிற நேரத்துக்கு டவலைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் "கொஞ்சம் பாத்துக்கோங்க, இந்தா வந்துட்டேன்" என்று சொன்னால் யாரும் தொட மாட்டார்கள். குளத்தில் இறங்கினாலும் அப்படித்தான், ஆள் கண்ணில் படும் தூரத்தில் இருக்கிறார். எட்டுப் பேரும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்ற ஆசையை மட்டும் நடுக்கடல் நாளில் விட்டுவிடுங்கள். பேரப்பிள்ளைகள் தண்ணீரில்தான் கிடப்பார்கள், அவர்களுக்கு நாற்காலியே தேவையில்லை.

இதே இடத்தில் இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள். மறுநாள் அந்த மலேசிய அம்மாள் மதினியிடம் வந்து, "நீங்க இங்க உக்காருங்கம்மா" என்று தன் இடத்தைக் காட்டினார், நீங்கள் வேண்டாம் என்று மதினியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டீர்கள். குற்ற உணர்ச்சியில்தான் வந்தார்கள், அதுவே அவர்கள் தப்பை ஒப்புக்கொண்டதற்குச் சாட்சி என்கிறீர்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. மதினி நொண்டி நொண்டி நடந்ததை அந்தப் பெண் பார்த்திருக்கிறார். முந்தின நாள் நீங்கள் பேசியதையும் மீறி வந்திருக்கிறார். கடல் தாண்டிப் போய் எத்தனை தலைமுறை ஆனதோ தெரியாது, நம் வீட்டுப் பெண்ணைப் போலத்தான் அவருக்குச் செய்யத் தோன்றியிருக்கிறது.

மகன்

"தலைகுனிய வைத்துவிட்டான்" என்கிறீர்கள். அந்த ஐந்து நிமிடத்தை மகன் நின்ற இடத்திலிருந்து பாருங்கள். ஒரு பக்கம் அப்பா, சத்தம் போடுகிறார். எதிரே தன் மேல் தவறில்லாத வயதான தம்பதி. பக்கத்தில் மாமனார் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார். மனைவி, பிள்ளைகள் பார்க்கிறார்கள். ஊழியர் வந்துகொண்டிருக்கிறார். உங்களோடு சேர்ந்து கத்தியிருந்தால் உங்களுக்கு அந்த நிமிடம் நிறைவாக இருந்திருக்கும். அவர் உங்களை எதிர்த்து ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். "எங்கப்பா தெரியாம பேசிட்டாங்க, மன்னிச்சிருங்க" என்றுதான் சொல்லியிருக்கிறார். அப்பா செய்ததற்குத் தான் மன்னிப்புக் கேட்கும் மகனை, கைவிட்டுவிட்டான் என்று எப்படிச் சொல்வது? உங்கள் பங்கைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டிருக்கிறார்.

அவர் அறைக்கு வந்தபிறகு உங்களிடம் தனியாக உட்கார்ந்து பேசியிருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவருக்கும் பேசத் தெரியவில்லை போலிருக்கிறது. பிள்ளைகளுக்கு நம்மைக் கண்டிக்கவும் தெரிவதில்லை, சமாதானப்படுத்தவும் தெரிவதில்லை, கையைப் பிடித்துக்கொண்டு நடக்க மட்டும் தெரிகிறது. மூன்று வாரமாக அவர்தான் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

அந்தத் தம்பதியின் எண் மகனிடம் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். நீளமாக எதுவும் வேண்டாம். "அன்றைக்கு நான் பேசியது தப்பு, என் மனைவிக்கு இடம் கொடுக்க வந்ததற்கு நன்றி" என்று குரல் பதிவு ஒன்று அனுப்பினால் போதும். மகனிடம் அந்த எண்ணைக் கேட்பதையே பேச்சைத் தொடங்குவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். விளக்கம் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்காது, எண்ணைக் கேட்ட உடனேயே அவருக்குப் புரிந்துவிடும்.

சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். சாயங்காலம் ஆறு மணிக்குள் கூப்பிடுங்கள் அண்ணாச்சி, அதற்கு மேல் போனால் பேரப்பிள்ளைகள் தூங்கப் போய்விடுவார்கள்.